பனியனும் நொய்யலும்: ‘தரம்’ என்ற சொல்லின் வரலாறு

நாம் தினமும் சட்டைக்குள்ளே போட்டுக்கொள்கிற பனியனுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? வேறொன்றுமில்லை, அது வணிகனின் பெயர். குஜராத்தி மொழியில் ‘வாணியா’ என்றால் வியாபாரி. மேற்குக் கடற்கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் அதைப் ‘பனியன்’ ஆக்கினார்கள். அந்த வியாபாரிகள் உடுத்திய தொளதொளப்பான மேலங்கியைப் பார்த்து அதே மாதிரி தைத்துக்கொண்ட ஆங்கிலேயர், அந்த உடைக்கும் அதே பெயரை வைத்தார்கள். காலப்போக்கில் அது சுருங்கிச் சுருங்கி உள்ளாடைக்குப் பெயராகிவிட்டது. நாம் வாழும் இந்தக் கல்கத்தாவிலோ, கம்பெனி துரைமார்களுக்குக் கொடுக்கல் வாங்கல் பார்த்த இடைத்தரகர்களையே ‘பனியன்’ என்று அழைத்தார்கள். ஆக, செய்த தொழிலாளி பெயரும் இல்லை, பருத்தி விளைவித்த உழவன் பெயரும் இல்லை. இடையில் நின்று வாங்கி விற்றவன் பெயர்தான் துணிக்கு நிலைத்தது.

நானும் அந்த இடையில் நிற்கிறவன்தான். 1981ல் வந்தவாசிப் பக்கத்திலிருந்து இருபது வயதில் இந்நகருக்கு வந்து, படா பஜாரில் ஒரு பனியன் மொத்தக் கடையில் கணக்கெழுதத் தொடங்கி, பிறகு சொந்தமாகத் திருப்பூர் சரக்கு வாங்கி விற்றவன். கல்லூரி வாசல் மிதித்ததில்லை. கடை மூடிய பிறகு படித்ததும் கண்ணால் பார்த்ததும்தான் என் கல்வி. ஆகவே இக்கட்டுரையை ஓர் ஆராய்ச்சியாளர் எழுதியதாக எண்ணாமல், நாற்பது வருடம் பனியன் எண்ணிய ஒருவன் எழுதியதாக வாசகர்கள் கொள்ள வேண்டும். எங்கள் தொழிலில் ‘தரம்’ என்ற சொல் எதையெல்லாம் குறித்தது, எதைக் குறிக்காமல் விட்டது என்பதே இங்கு நான் சொல்ல வருவது.

கொடுமணல் முதல் கதர் வரை

நொய்யல் ஆறு கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து காவிரியில் கலக்கிறது. நீளம் சுமார் 180 கிலோமீட்டர். பெரிய ஆறு என்று சொல்ல முடியாது. மழை பெய்தால் ஓடும், இல்லாவிட்டால் மணல். ஆனால் இதன் கரையில் நெசவுத் தொழிலின் தடயம் மிகப் பழையது. சென்னிமலைக்கு அருகே நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணலில் 1980களிலிருந்து பல முறை அகழாய்வு நடந்திருக்கிறது. பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று சொல்லும் ஊர் இதுவே என்பது அறிஞர் கருத்து. அங்கே கல்மணிகளும் இரும்பு உலைகளும் கிடைத்ததைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்தன என்பதை என் போன்ற துணி வியாபாரிதான் கொஞ்சம் கூடுதல் ஆசையோடு படிப்பான். சுமார் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே அந்த ஆற்றங்கரையில் நூல் நூற்றிருக்கிறார்கள். ஆறு அப்படியே இருந்தது.

பின்னலாடைத் தொழில் இந்தியாவில் தொடங்கியது திருப்பூரில் அல்ல, நம் கல்கத்தாவில். 1893ல் கிதிர்பூரில் முதல் பின்னலாடை ஆலை வந்ததாகத் தொழில் வரலாறுகள் குறிக்கின்றன. திருப்பூர் அப்போது பருத்திச் சந்தை. சுற்று வட்டாரப் பருத்தி அங்கே வந்து குவியும். 1925ல் காந்தியடிகள் அகில இந்திய நூற்போர் சங்கத்தைத் தொடங்கிய பின்னர், தமிழ்நாட்டுக் கதர் வேலைக்குத் திருப்பூரே தலைமையிடமாயிற்று. 1932 ஜனவரியில் கொடி ஏந்தி அடிபட்டு உயிர்விட்ட குமரன் அந்த ஊரில்தான் வாழ்ந்தார் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே 1920களின் நடுவில்தான் அங்கே முதல் பின்னல் இயந்திரங்களும் வந்து இறங்கின. ஒரு பக்கம் கதர், இன்னொரு பக்கம் பனியன் என்று இரண்டும் ஒரே சமயத்தில் வளர்ந்தன.

அந்தக் காலத்துப் பனியன் என்றால் வெள்ளைப் பனியன்தான். நூலைப் பின்னி, சலவைப் பட்டறையில் தொட்டியில் ஊறவைத்து வெளுத்து, நீலம் போட்டு, வெயிலில் உலர்த்தி, வெட்டித் தைத்து, டஜன் கணக்கில் பெட்டியில் அடுக்குவார்கள். நொய்யல் தண்ணீரில் வெளுத்தால் வருகிற வெண்மை வேறெங்கும் வராது என்று பழைய சலவைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நான் கடையில் சேர்ந்தபோதும் இப்படித்தான் இருந்தது. என் முதலாளி ஒரு பனியனைக் கையில் எடுத்தால் மூன்றே காரியம் பார்ப்பார்: வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெருக்கம் பார்ப்பார், கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டு அது திரும்பி வருகிறதா என்று பார்ப்பார், ஒன்றைத் தண்ணீரில் நனைத்து உலர்த்தி எவ்வளவு சுருங்குகிறது என்று விரலால் அளப்பார். அவ்வளவுதான் தரப் பரிசோதனை.

கலர் வந்தது

1970களின் கடைசியில் இத்தாலி நாட்டு வாங்குனர் ஒருவர் பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாகத் திருப்பூரைத் தேடி வந்தார். அவர் கேட்டதும் வெள்ளை டீ சர்ட்தான். பின்னால் 1980களில் ஐரோப்பாவின் பெரிய கடைகள் ஒவ்வொன்றாக வந்தன. அவர்கள் கேட்டது கலர். இங்கேதான் கதை திரும்புகிறது.

1985ல் திருப்பூரின் ஏற்றுமதி 20 கோடி ரூபாய்கூட இல்லை. ஏற்றுமதியாளர் சங்கம் தொடங்கிய 1990ல் அது சுமார் 300 கோடி. 2005 ஜனவரியில் உலக ஜவுளி வர்த்தகத்தின் கோட்டா முறை ஒழிந்தது. 2006-07ல் ஏற்றுமதி சுமார் 11,000 கோடி. ஒரு தாலுகா தலைநகராக இருந்த ஊர் 2009ல் மாவட்டத் தலைநகரே ஆகிவிட்டது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இந்த வங்காளத்திலிருந்தும் பிள்ளைகள் வேலை தேடி அங்கே போகிறார்கள். ஹௌராவில் திருப்பூர் போகிற வங்காளிப் பையன் என்னிடம் ஸ்டேஷன் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டபோது, நான் வந்த ரயில் ஞாபகம் வந்தது.

கலரோடு தரப் பரிசோதனையும் மாறியது. முதலாளியின் விரல் கணக்கு போய், அட்டவணைக் கணக்கு வந்தது. 3,000 உருப்படி உள்ள சரக்கென்றால் 125ஐ அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுப்பார்கள். பிசிறு, ஓட்டை, தையல் விட்டது, அளவு தப்பியது என்று பெரிய குறை உள்ள உருப்படி 7 வரை இருந்தால் சரக்கு போகும். 8 ஆகிவிட்டால் முழுச் சரக்கும் தள்ளுபடி. நிறத்தை ஒரு பெட்டிக்குள் பகல் வெளிச்சத்துக்குச் சமமான விளக்கின் கீழ் வைத்து, மாதிரித் துணியோடு ஒப்பிடுவார்கள். துவைத்தால் சாயம் போகிறதா, வேர்வையில் இறங்குகிறதா, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். எங்கள் உள்நாட்டு வியாபாரிகளும் இதைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கற்றுக்கொண்டோம். பொய் சொல்லக் கூடாது, இதனால் இந்தியப் பின்னலாடையின் தரம் உயர்ந்தது. 1980களில் நாம் போட்ட கலர் பனியன் முதல் துவையலில் வேட்டியையும் சேர்த்துச் சிவப்பாக்கிவிடும். இன்று அப்படி இல்லை.

1994ல் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. சில வகை அசோ சாயங்கள் உடலில் பட்டால் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகச் சிதையக்கூடும் என்பதால், அவை உள்ள துணியைத் தடுத்தது. திருப்பூர் ஆடிப் போயிற்று. ஆனால் சீக்கிரமே சாயங்களை மாற்றிக்கொண்டது. 1997ல் இந்திய அரசும் அத்தகைய சாயங்களைத் தடை செய்தது. வாங்குகிறவன் கண்டிப்பாகக் கேட்டால் தொழில் எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு இது நல்ல சாட்சி. அதே சமயம் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சட்டம் பார்த்தது துணியை உடுத்துகிறவனின் தோலை. துணி நனைந்து வந்த தண்ணீரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

கைப்பிடி உப்பு

பருத்தித் துணிக்குக் கலர் ஏற்றுவதற்கு ரியாக்டிவ் சாயம் என்ற வகையைப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரில் நனைந்த பருத்தியும் இந்தச் சாயமும் ஒன்றையொன்று விலக்கும் தன்மை உடையவை. சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளுவதற்கு உப்பு வேண்டும். அடர்த்தியான நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம், சில சமயம் 80 கிராமும் போடுவார்கள். ஒரு கிலோ துணிக்குச் சாயத் தொட்டியில் 10 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் 600 கிராம் உப்பு. பழைய விஞ்ச் மெஷினில் இதைப்போல் இரண்டு மடங்கு தண்ணீர், இரண்டு மடங்கு உப்பு. ஒரு டீ சர்ட் 150 கிராம் எடை என்றால் அதற்குக் குறைந்தது ஒரு கைப்பிடி உப்பு. சாயத்திலாவது பெரும் பகுதி துணியில் ஒட்டிக்கொள்கிறது. உப்பு ஒரு சிட்டிகைகூட ஒட்டாது. தள்ளிவிடுகிற வேலை முடிந்ததும் அத்தனையும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். அதற்கப்புறம் ஐந்தாறு தடவை அலச வேண்டும். அதற்கும் தண்ணீர்.

1990களில் திருப்பூர் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், விடியற்காலையிலிருந்து தண்ணீர் லாரிகள் வரிசையாக ஓடும். ஊர்க் கிணறுகள் கெட்டுப் போனதால் பக்கத்துக் கிராமங்களின் கிணற்று நீரை விலைக்கு வாங்கி வந்தார்கள். அந்த நல்ல தண்ணீர் சாயப் பட்டறைக்குள் போய், ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் ஊதாவாகவும் நொய்யலில் இறங்கும். ஐரோப்பாவில் இந்த வருஷம் என்ன கலர் ஃபேஷன் என்று தெரிந்துகொள்ள ஆற்றைப் பார்த்தால் போதும் என்று அந்த ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஆற்றின் கீழே ஈரோடு, கரூர் மாவட்டங்களில் பத்தாயிரம் ஏக்கர் போலப் பாசனம் பெறுவதற்காக ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை கட்டினார்கள். 1992ல் அது திறக்கப்பட்டது. நான் முன்னே சொன்ன கொடுமணலுக்கு அதிக தூரமில்லை. விவசாயிகள் எத்தனையோ காலமாகக் கேட்டு வாங்கிய அணை. அதில் தேங்கியது பாசன நீர் அல்ல, சாயக் கழிவு. சில வருடங்களிலேயே ‘எங்களுக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம், மதகைத் திறக்காதீர்கள்’ என்று பாசன விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. அணைத் தண்ணீர் வேண்டாமென்று விவசாயி மறுத்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

நீதிமன்றங்களின் உத்தரவுக்குப் பயந்து 1990களின் பிற்பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டுக் கலக்கிச் சாயத்தை வண்டலாகக் கீழே இறக்குவது அந்த நிலையங்களின் முறை. தண்ணீரில் நிறம் பெரும்பாலும் போய்விடும். பார்க்கிறவர்களுக்குத் திருப்தி. ஆனால் கரைந்த உப்பு சுண்ணாம்புக்குப் படியாது, அப்படியே ஆற்றுக்குப் போயிற்று. விளக்குப் பெட்டிக்குள் துணியின் நிறத்தைப் பார்த்துப் பழகிய தொழில், தண்ணீருக்கும் நிறத்தை மட்டுமே பார்த்தது. நாக்கில் வைத்துப் பார்த்தவர்கள் கீழே இருந்த விவசாயிகள்தான்.

வழக்கு

2003ல் நொய்யல் ஆயக்கட்டுதாரர்களின் பாதுகாப்புச் சங்கம் சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. இழப்பீட்டைக் கணக்கிட அமைந்த ஆணையம் 2004 டிசம்பரில் 28,596 விவசாயிகளின் நிலம் கெட்டிருப்பதாகக் கண்டு, சுமார் 24 கோடியே 80 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. கடைக்காரப் புத்தி, உடனே வகுத்துப் பார்த்தேன். தலைக்கு 9,000 ரூபாய்கூட வரவில்லை.

2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம், 2007 ஜூலை 31க்குள் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்றது. அதுவரை வெளிவிடும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி, பிறகு 8, 10 என்று ஏறும் அபராதம் விதித்தது. சாய ஆலை உரிமையாளர்கள் உச்சநீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபர் 6ல் உச்சநீதிமன்றம், கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை உறுதி செய்து மூன்று மாதம் அவகாசம் கொடுத்தது. அதற்குப் பின்னும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர்நீதிமன்றம், திருப்பூரின் 700க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளையும் அவற்றின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மொத்தமாக மூடும்படி உத்தரவிட்டது.

அந்த வருடம் படா பஜாரில் எங்களுக்குச் சரக்கு வரவில்லை. பூஜை வியாபாரமே படுத்துவிட்டது. நான் நீதிமன்றத்தைத் திட்டினேன் என்பதை மறைக்கவில்லை. திருப்பூரில் என்னைவிட எத்தனையோ மடங்கு கஷ்டம். தையல் மெஷினில் உட்கார்ந்தவர்கள், கைமடிக்கிற பெண்கள், செக்கிங் பார்ப்பவர்கள், இவர்கள் யாரும் ஆற்றில் உப்புக் கொட்டியவர்கள் அல்ல. ஆனால் வாரக் கூலி முதலில் நின்றது அவர்களுக்குத்தான். துணியோ வேறு வழி தேடிக்கொண்டது. சாயம் போடப் பக்கத்து மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் அனுப்பினார்கள். நொய்யல் தப்பியது, வேறு ஓர் ஊர் ஓடை சிவந்தது. ஓரிடத்தில் மூடுவது மட்டும் தீர்வாகாது என்பதை அந்த மாதங்கள் காட்டின.

வழி பிறந்தது

தீர்வு வந்ததும் அதே ஊரிலிருந்துதான். தமிழக அரசு 2011ல் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஒவ்வொரு நிலையமாகச் சோதனை ஓட்டம் பார்த்து, சரியாக இருந்தால்தான் திறக்க அனுமதி. அதன் வேலை முறை இதுதான். முதலில் நுண்ணுயிர்களை விட்டுக் கழிவைத் தின்ன வைக்கிறார்கள். பிறகு வடிகட்டி, நுண்துளைச் சவ்வு வழியே அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். தண்ணீரில் பெரும் பங்கு நல்ல நீராகப் பிரிந்து, மறுபடி சாயத் தொட்டிக்கே திரும்புகிறது. மிச்சம் நிற்பது அடர்ந்த உப்புக் கரைசல். அதில் ஒரு பகுதியை அப்படியே சாயம் ஏற்றும் வேலைக்குத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். மீதியைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி உப்பைப் படிகமாக எடுக்கிறார்கள். எந்த உப்பு ஆற்றைக் கெடுத்ததோ அதே உப்பு மூட்டையில் கட்டிச் சாயப் பட்டறைக்குத் திரும்புகிறது. ஒரு தொழில் நகரமே இந்த முறைக்கு மாறியது உலகத்திலேயே அபூர்வம்.

மாற்றத்தின் விலையையும் சொல்ல வேண்டும். ஆவியாக்கும் கொதிகலனுக்கு விறகும் மின்சாரமும் வேண்டும். பல உப்புகள் கலந்த கசடு பிரிக்க முடியாமல் மூட்டைகளில் தங்குகிறது. பழைய வண்டல் மேடுகள் பிரச்சினையாக நீடித்தன. அனுமதியில்லாத பட்டறைகள் இரவில் குழாய் திறந்து பிடிபட்ட செய்திகளும் அவ்வப்போது வந்தன. இவ்வளவுக்கும் நடுவில் 2024-25ல் திருப்பூர் ஏற்றுமதி சுமார் 40,000 கோடியை எட்டியது. ஆற்றைக் காப்பாற்றினால் தொழில் அழியும் என்று 2011ல் என்னைப் போன்றவர்கள் போட்ட கூச்சல் பொய்த்துப் போனது.

என் பங்கு

இதுவரை ஊர்க் கதை. இனி என் கதை. 1990களின் நடுவில் ஒரு தடவை, என் கடைக்கென்று கருநீலத்தில் டீ சர்ட் போட ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். சாயப் பட்டறைக்காரர் ஒரு ரேட் சொன்னார். நான் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “ஏனுங் மொதலாளி, இந்த ரேட்டுக்குத் தண்ணிய எங்கீங்க சுத்தம் பண்ணி விடறது?” என்றார். “அது உங்க பாடு. எனக்கு ஷேடு மாறாம வந்தாப் போதும்” என்றேன். அவர் கடைசியில் ஒத்துக்கொண்டார். ஷேடு மாறவில்லை. நல்ல சரக்கு, நன்றாக விற்றது. அந்த வருடம் என் கணக்கில் அது லாபம்.

பின்னாளில் 6 பைசா அபராதத்தைப் பற்றிப் படித்தபோது இந்தப் பேரம் நினைவுக்கு வந்தது. ஒரு கிலோ துணிக்கு எல்லா அலசலும் சேர்த்து நூறு லிட்டர் கழிவு என்று வைத்தால், அபராதம் 6 ரூபாய். நான் குறைத்தது 2 ரூபாய். அதை ஏதோ சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். என் பங்குக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கீழ்க்கரை விவசாயி தலையில் எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

2012ல் ஒரத்துப்பாளையம் போனேன். அணையின் கீழே ஒரு பெரியவர் தன் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். தென்னை ஓலை நுனியெல்லாம் தீய்ந்திருந்தது. “பட்டறைய மூடி வருசம் ஒண்ணாச்சுங்க. ஆனா கெணறு இன்னும் மூடலீங்களே, அது உப்பக் குடிச்சுப் போட்டுதுங்க” என்றார். நான் என்ன தொழில் என்று கேட்டார். துணி வியாபாரம் என்றேன். “கலருங்களா?” என்றார். “ஆமாங்க” என்றேன். அவர் கோபப்படவில்லை. குடிக்க மோர் கொடுத்தார். மோருக்குத் தண்ணீர் லாரியில் வாங்கியது என்று அவர் மனைவி சொன்னாள்.

எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்று உண்டு. சமண வீடுகளில் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். என் பாட்டி கிணற்றில் இறைத்த தண்ணீரை இரண்டாக மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டுவாள். அத்தோடு விடமாட்டாள். துணியில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சாகக்கூடாது என்று, அந்தத் துணியை நல்ல நீரால் அலசி, அந்த நீரை மெதுவாகக் கிணற்றிலேயே திரும்ப விடுவாள். எடுத்த இடத்துக்கே, எடுத்தபடியே திருப்ப வேண்டும் என்பாள். துணியால் தண்ணீரைச் சுத்தம் செய்த வீட்டிலிருந்து வந்த நான், துணிக்காகத் தண்ணீரைக் கெடுத்த வியாபாரத்தில் முப்பது வருடம் நெறி தவறாதவன் என்ற நினைப்போடு இருந்தேன். இன்று திருப்பூர் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருஞ்செலவில் செய்வதும் பாட்டி செய்ததும் அடிப்படையில் ஒன்றே. எடுத்ததைத் திருப்புவது.

முடிவாக

தொழிலின் வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. நெருக்கம், வெண்மை, சுருக்கம் என்று தொடங்கிய தரப் பட்டியலில், கலர் நிற்பது, தோலுக்குக் கேடில்லாதது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இவற்றைச் சேர்த்தவன் வாங்குகிறவன். ஆற்றைப் பட்டியலில் சேர்த்தவர்கள் மட்டும் வாங்குகிறவர்களும் அல்ல, விற்கிறவர்களும் அல்ல. ஒரு பனியன்கூட எங்களிடம் வாங்காத கீழ்க்கரை விவசாயிகள், நீதிமன்றப் படியேறிச் சேர்த்தார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை நிலம்.

இன்று ஏற்றுமதிச் சரக்கைப் பற்றிக் கேட்க வெளிநாட்டு வாங்குனர்கள் இருக்கிறார்கள். ஏதேதோ சான்றிதழ் கேட்கிறார்கள், ஆள் அனுப்பிப் பார்க்கிறார்கள். அதிலும் குறை உண்டு, சான்றிதழ் கேட்கிற அதே வாங்குனர் விலையைக் குறைக்கவும் சொல்கிறார். இருந்தாலும் கேள்வியாவது கேட்கப்படுகிறது. உள்நாட்டுச் சரக்கைப் பற்றிக் கேட்க யார் இருக்கிறார்கள்? படா பஜாரிலும் சென்னையிலும் டில்லியிலும் விற்கும் பனியனுக்கு நானும் நீங்களும்தான் வாங்குனர். நாம் விலை கேட்கிறோம், கலர் போகுமா என்று கேட்கிறோம். மூன்றாவது கேள்வி நம் வாயில் வருவதில்லை.

பத்து வருடமாக நான் திருப்பூருக்கு அனுப்பும் ஆர்டர் தாளில் அளவு, எடை, ஷேடு ஆகியவற்றுக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்திருக்கிறேன். ‘சாயம் போடும் இடம் எது, அதன் கழிவு எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது?’ சிலர் உடனே பதில் எழுதுகிறார்கள். சிலர் போன் செய்து, “எதுக்குங் இதெல்லாம், சரக்கு நல்லா இருக்குதுங்களா, அதப் பாருங்க” என்கிறார்கள். பதில் வராத இடத்தில் இப்போது நான் சரக்கு எடுப்பதில்லை. கிலோவுக்கு ஐந்து, பத்து ரூபாய் கூடுதலாகிறது. அதனால் இரண்டு மூன்று வாடிக்கையாளர்களை இழந்தேன். இழப்பைக் கணக்கில் ‘நொய்யல்’ என்று தனிப் பத்தியில் எழுதி வைக்கிறேன். பழைய இரண்டு ரூபாய் கடன் அதில் இன்னும் தீரவில்லை.